‘கவுனி அரிசி கிடைக்கிறதா அத்தை?’ – வெளிநாட்டில் மனைவியிடம் அடிபடும் பிள்ளைகளுக்கு விசா வழிகள்

நான் வக்கீல் இல்லை. காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் இருக்கிறேன். 31 வருடம் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். என் தம்பி மகன் அமெரிக்காவில் நியூஜெர்சியில் இருக்கிறான். அவனுடைய குடியேற்ற மனுவுக்காக ஊரில் இருந்தபடியே காகிதம் சேர்த்தவள் நான். அந்தச் செய்தி எப்படியோ கசிந்து, பெயர் சொல்ல முடியாத நாலைந்து வீட்டிலிருந்து என்னைத் தேடி வந்துவிட்டார்கள். வருகிறவர்கள் முகப்பில் உட்கார்ந்து வெயிலைப் பற்றியும் வடகம் காய்வதைப் பற்றியும் அரைமணி நேரம் பேசிவிட்டு, கிளம்பும்போதுதான் குரலைத் தாழ்த்தி, அடிக்கும் துணையின் தயவில்லாமல் அங்கே தங்க வழி தரும் சட்டத்தைப் பற்றி, “ஆம்பளைப் பிள்ளைக்கும் அந்தச் சட்டம் உண்டா ஆச்சி?” என்று கேட்கிறார்கள். உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

எங்கள் கதை கொஞ்சம் தெரிந்தால்தான் பின்னால் வருவது புரியும். பெண் வீட்டாரும் நம் பக்கத்துக்காரர்கள்தான், ஆனால் அவர்கள் அமெரிக்கக் குடிமக்களாகி ரொம்ப வருடம் ஆகிவிட்டது. கல்யாணம் இங்கே நடந்தது. மனைவி மனுப் போட, பையன் கிரீன் கார்டுடன் போனான். போன எட்டாவது மாதம் ஒரு நாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு எங்கள் லேண்ட்லைன் அடித்தது. கூட வேலை பார்ப்பவரின் போனிலிருந்து பேசினான். “அத்தை, அப்பச்சிகிட்ட சொல்லிடாதீங்க” என்றுதான் ஆரம்பித்தான். அப்பச்சி என்றால் அவன் அப்பா, என் தம்பி. சம்பளம் முழுக்க மனைவியின் கணக்குக்குப் போகிறது. பாஸ்போர்ட்டும் கார்டும் அவள் பூட்டி வைத்திருக்கிறாள். இரண்டு முறை ராத்திரியில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறாள். ஒரு முறை சூடான தோசைக்கரண்டி. எதிர்த்து ஏதாவது சொன்னால் ஒரே பதில்தான்: “உன்னை ஊருக்கே பார்சல் பண்ணிடுவேன்.”

அவன் பயந்தது தோசைக்கரண்டிக்கு இல்லை, அந்தப் பார்சலுக்குத்தான். மனு யார் கையெழுத்தில் இருக்கிறதோ அவர் கையில்தான் கடிவாளம் என்று அவன் நம்பியிருந்தான், நாங்களும் நம்பினோம். சட்டம் அந்தக் கடிவாளத்தை அவிழ்த்துவிடுகிறது என்பது தெரிய எங்களுக்கு நாலு மாதம் ஆனது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் அடி வாங்குகிறவர்களில் பெண்கள்தான் அதிகம். இந்தச் சட்டங்கள் எல்லாம் அவர்கள் பட்ட பாட்டில் வந்தவை. அவர்கள் திறந்த வாசல் வழியாகத்தான் நம் பிள்ளையும் போகிறான். இந்த விஷயத்தைப் பிடித்துக்கொண்டு பொம்பளைப் பிள்ளைகளைத் திட்ட வருகிறவர்களுக்கு என் வீட்டில் காபி கிடையாது.

அமெரிக்கா: எந்தக் கார்டு, எந்த மனு

1994-ல் வந்த சட்டத்தின் பெயரே பெண்களுக்கு எதிரான வன்முறைச் சட்டம்தான். ஆங்கில முதல் எழுத்துகளைச் சேர்த்து ‘வாவா’ என்பார்கள். பெயரைப் பார்த்துவிட்டு “இது நமக்கில்லை” என்று என் தம்பி காகிதத்தைத் தள்ளி வைத்தான். பெயரில்தான் பெண்கள். குடியேற்றப் பகுதியில் ‘கணவனோ மனைவியோ’ என்றுதான் இருக்கிறது. ஆணும் மனுப் போடலாம்.

எந்த மனு என்பது பையன் எந்த நிலையில் இருக்கிறான் என்பதைப் பொறுத்தது. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள்.

எங்கள் பையனுக்கு இருந்தது இரண்டு வருடக் கார்டு. கல்யாணமாகி இரண்டு வருடம் முடிவதற்குள் கிரீன் கார்டு கிடைத்தால் அது நிபந்தனைக் கார்டுதான். கெடு முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து ஐ-751 என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டால்தான் அது பத்து வருடக் கார்டாகும். “நான் கையெழுத்துப் போட்டாத்தானே” என்பதுதான் அங்கே மிரட்டல். ஆனால் அதே படிவத்தில் இன்னொரு கட்டம் இருக்கிறது: கல்யாணம் உண்மையானது, ஆனால் துணை அடித்தார் அல்லது கொடுமைப்படுத்தினார், ஆகவே நான் தனியாக மனுப் போடுகிறேன் என்பது. இதற்கு அவள் கையெழுத்து வேண்டாம். விவாகரத்து ஆகியிருக்க வேண்டியதில்லை. 90 நாள் கணக்கும் கிடையாது, கெடு வரும்வரை காத்திருக்காமலே போடலாம். அவன் அப்படித்தான் போட்டான். பத்து வருடக் கார்டு கைக்கு வர இரண்டரை வருடம் ஆனது. அதுவரை மனுவின் ரசீதுக் கடிதத்தைக் காட்டித்தான் வேலை பார்த்தான்.

கார்டே வரவில்லை, மனைவி குடிமகளாகவோ கிரீன் கார்டுக்காரராகவோ இருந்தும் மனுப் போடாமல் இழுத்தடிக்கிறார், அல்லது போட்டதைத் திரும்ப வாங்கிவிடுவேன் என்கிறார் என்றால் வழி வேறு. அதற்கு ஐ-360 என்ற படிவம். பையனே தனக்காகப் போட்டுக்கொள்ளும் மனு. இதற்குக் கட்டணம் இல்லை. கல்யாணம் உண்மையானது, கல்யாணமான பிறகு ஒரே வீட்டில் வாழ்ந்தோம், அந்தக் காலத்தில் கொடுமை நடந்தது, தன் நடத்தை நல்லது, மனைவிக்கு இன்ன குடியுரிமை நிலை என்று ஐந்தையும் காட்ட வேண்டும். மனைவியின் பாஸ்போர்ட் நகல் கையில் இல்லையே என்று தவிக்க வேண்டாம். தெரிந்த விவரத்தைக் கொடுத்தால் குடியேற்றத் துறையினர் தங்கள் பதிவேட்டிலும் தேடிப் பார்ப்பார்கள்.

அடியின் தழும்பு இருந்தே ஆக வேண்டும் என்பதும் தப்பு. ‘கடுங்கொடுமை’ என்று சட்டம் சொல்வதில் மிரட்டல், பணத்தை முடக்குவது, யாரிடமும் பேசவிடாமல் தனிமைப்படுத்துவது, நாடு கடத்திவிடுவேன் என்று பயமுறுத்துவது எல்லாம் வரும்.

இந்த ஐ-360-ல் நம் ஊர்க்காரர்கள் கெடுத்துக்கொள்ளும் இரண்டு இடங்கள் உண்டு. முதலாவது, விவாகரத்து ஆகிவிட்டால் அன்றிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனுப் போட்டாக வேண்டும், விவாகரத்துக்கும் கொடுமைக்கும் தொடர்பு இருக்க வேண்டும். இரண்டாவதுதான் பெரியது. மனு ஏற்கப்படுவதற்கு முன் மறுகல்யாணம் செய்தால் மனு போய்விடும். நம் ஊரில் பையன் அழுதுகொண்டு வந்து நின்றால் பெரியவர்களுக்கு முதலில் தோன்றுவதே, “விடு, வேற பொண்ணு பார்த்துடலாம்” என்பதுதான். ஜாதகத்தைத் தூசி தட்டி எடுத்து, ஒரு பெண்ணை அடுத்த முகூர்த்தத்தில் பேசி முடித்து, அவன் மனுவுக்கும் சேர்த்துச் சங்கு ஊதிவிடுவார்கள். பொறுங்கள். ஏற்புக் கடிதம் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்.

இன்னொரு விஷயம் ஊரில் யாருக்கும் தெரியவில்லை. பையன் ஏற்கெனவே ஊருக்கு வந்துவிட்டாலும், கொடுமை அமெரிக்காவில் நடந்திருந்தால் இங்கிருந்தே ஐ-360 போடலாம்.

மனைவி எச்-1பி விசாவில் வேலை பார்க்க, கணவன் எச்-4 துணை விசாவில் வீட்டில் இருப்பது இப்போது நம் பக்கத்திலேயே சாதாரணம். மனைவி குடிமகளோ கிரீன் கார்டுக்காரரோ இல்லாததால் மேலே சொன்ன இரண்டும் இவர்களுக்குப் பொருந்தாது. ஐ-765வி என்ற படிவத்தில் வேலை அனுமதி கேட்கலாம். எச், இ-3, ஏ, ஜி விசாக்காரர்களின் கணவன் அல்லது மனைவி கொடுமைக்கு ஆளானால் கிடைப்பது அது. அதனால் கிரீன் கார்டு வராது, கையில் சொந்தக் காசு வரும். போலீசில் புகார் பதிவாகி, விசாரணைக்கு ஒத்துழைத்திருந்தால் யு விசா என்று ஒன்றும் உண்டு. போலீசோ அரசு வக்கீலோ சான்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வருடத்துக்கு 10,000 பேருக்குத்தான் என்பதால் வரிசை பல வருடம் நீளம். ஆனால் கல்யாணத்தையோ மனைவியின் விசாவையோ அது கேட்பதில்லை.

இந்த மனுக்களைப் பற்றி அதிகாரிகள் மனைவிக்குத் தகவல் கொடுக்கக் கூடாது என்று சட்டமே தடுக்கிறது. மனைவி எழுதிப் போடும் புகாரை மட்டும் வைத்து இவனைத் தள்ளவும் முடியாது. கடிதங்கள் வேறு பத்திரமான முகவரிக்கு வரும்படி கேட்டுக்கொள்ளலாம். அவன் வக்கீலின் அலுவலக முகவரியைக் கொடுத்தான்.

“ஊருக்கு வந்துடு” என்று சொல்வதற்கு முன்

தாய் மனசு முதலில் சொல்வது இதைத்தான். உயிருக்கு ஆபத்து என்றால் அங்கேயே வேறு வீட்டுக்குப் போகட்டும். டிக்கெட் போடுவதற்கு முன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். தங்கும் அனுமதி முடிந்து 180 நாளுக்கு மேல் அங்கே தங்கியிருந்தவன் கிளம்பினால் 3 வருடமும், ஒரு வருடத்துக்கு மேல் என்றால் 10 வருடமும் திரும்ப நுழையத் தடை வரலாம். கார்டு உள்ளவனும் ஒரு வருடத்துக்கு மேல் வெளியே தங்கினால் கார்டு ஆட்டம் காணும். வந்துவிடு என்ற பாசமே “ஊருக்கே பார்சல்” வேலையைச் செய்துவிடும்.

ஊருக்கு வந்த பிறகு நம் சட்டம் கை கொடுக்குமா என்றும் கேட்கிறார்கள். நம் 2005-ஆம் வருடக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பெண்களுக்கு மட்டுமானது, அதில் கணவன் புகார் கொடுக்க முடியாது. இந்து திருமணச் சட்டத்தின்படி கொடுமையைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கும் உரிமை இருவருக்கும் உண்டு.

சிட்டை எழுதுங்கள்

எங்கள் ஐயா (தாத்தா) ரங்கூன் மொகல் தெருவில் கடை வைத்திருந்தவர். பெட்டியடிப் பையனாகப் போய் மேலாள் ஆனவர். அன்றன்றைக்கு நடந்ததை அன்றே சிட்டையில், அதாவது தினக் கணக்கு நோட்டில், எழுதாமல் படுக்கக் கூடாது என்பார். சிட்டை இருந்தால் பேரேடு வரும், பேரேடு இருந்தால் ஐந்தொகை தானாக நிற்கும். பையனுக்கு நான் சொன்ன முதல் யோசனை இதுதான். தினமும் எழுது. தேதி, மணி, எந்த அறை, என்ன சொன்னாள், என்ன செய்தாள், யார் பார்த்தார்கள். அழுகையை எழுத வேண்டாம், நடந்ததை எழுது.

எங்கே எழுதுவது என்பது முக்கியம். வீட்டு நோட்டில் எழுதினால் கிழிந்துவிடும். போனில் எழுதினால் பார்த்துவிடுவாள். அவன் ஆபீஸ் மதிய இடைவேளையில், அவளுக்குத் தெரியாத புது மெயிலில், தனக்கே கடிதம் எழுதி அனுப்பிக்கொண்டான். மெயிலில் தேதியும் மணியும் தானே விழுந்துவிடும். தோசைக்கரண்டித் தழும்பையும் ஆபீஸில் எடுத்த படமாக அதிலேயே சேர்த்தான்.

இந்த மனுக்களில் இன்ன காகிதம்தான் வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது, நம்பத்தக்க எந்தச் சான்றையும் பார்த்து எடை போட வேண்டும் என்பது விதி. போலீஸ் அறிக்கை, ஆஸ்பத்திரிச் சீட்டு, ஆலோசகரின் கடிதம் இருந்தால் நல்லது. எங்களுக்குப் போலீஸ் அறிக்கை இல்லை. ராத்திரி வெளியே நின்றவனுக்குப் போர்வை கொடுத்த மேல்வீட்டுக்காரர் எழுதித் தந்த ஒரு பக்கம், எங்கள் ஃபைலிலேயே பலமான காகிதம் என்று வக்கீலம்மா சொன்னார்.

கல்யாணம் உண்மையானது என்று காட்டுவதில்தான் செட்டிநாட்டு வீட்டுக்கு ஒரு வசதி. நம்மிடம் காகிதத்துக்குப் பஞ்சமில்லை. இசைகுடிமானம் என்ற எங்கள் கல்யாண ஒப்பந்தம், மொய் ஏடு, அழைப்பிதழ், சீர்ச் சாமான் பரப்பிய படம் என்று எல்லாம் இருந்தன. நான் ஒரு அட்டைப்பெட்டி நிறையச் சேர்த்தேன். வக்கீலம்மா பார்த்துவிட்டு, “கல்யாணம் நடந்ததை யாரும் மறுக்கவில்லை, அதற்குப் பிறகு சேர்ந்து வாழ்ந்ததைக் காட்டுங்கள்” என்றார். வாடகை ஒப்பந்தம், சேர்ந்து போட்ட வருமான வரிக் கணக்கு, இன்ஷூரன்சில் இருவர் பெயர், ஒரே முகவரிக்கு வந்த தபால், ஒன்றாகப் போன பயணம். பணத்தைப் பூட்டி வைத்த வீட்டில் இதெல்லாம் அவன் பெயரில் கம்மியாகத்தான் இருக்கும். ஏன் இல்லை என்பதையும் எழுத வேண்டும், ஏனென்றால் அந்தப் பூட்டும் கொடுமையில் சேர்த்தி. அப்புறம், திருமணப் பதிவுச் சான்று கையில் இருப்பது ரொம்ப நல்லது. தமிழ்நாட்டில் 2009-ஆம் வருடச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதால் பெரும்பாலும் இருக்கும். நகல் ஒன்று ஊர் வீட்டுப் பீரோவில் இருக்கட்டும்.

பாஸ்போர்ட்டை அவள் வைத்துக்கொண்டாள் என்றால் அதற்காக மனு நிற்க வேண்டியதில்லை. இந்தியப் பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து, கணவனோ மனைவியோ பிடித்து வைக்க உரிமை இல்லை. தூதரகத்தில் புதிதாகக் கேட்டு வாங்கலாம். பழைய பாஸ்போர்ட் எண்ணை ஊரில் யாராவது எழுதி வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. அமெரிக்காவுக்குள் நுழைந்த பதிவை, ஐ-94 என்பார்கள், அந்த எண்ணை வைத்து இணையத்திலேயே எடுக்கலாம். நான் அவன் பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கத்தையும் கல்யாணத்தின்போதே நகலெடுத்து வைத்திருந்தேன். டீச்சர் புத்தி.

ஊரிலிருந்து எழுதிக் கொடுக்கும் சாட்சி

தம்பி எழுதிய முதல் வாக்குமூலம் ஐந்து பக்கம். எங்கள் குடும்பத்தின் மூன்று தலைமுறைப் பெருமை, எந்தக் கோயிலுக்கு என்ன திருப்பணி செய்தோம், பையன் பிளஸ் டூவில் எத்தனை மார்க். கொடுமையைப் பற்றி, “என் மகன் சொல்லொணாத் துயரம் அடைந்தான்” என்று ஒரே வரி. சிவப்பு மையில் அடித்துத் திருப்பிக் கொடுத்தேன். கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை.

அதிகாரிக்கு வேண்டியது நீங்கள் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது. அதைத் தம்பியிடம் கேட்டுக் கேட்டு வாங்கினேன். “பிள்ளையார் நோன்பு அன்னிக்கு வீடியோவில் பார்த்தோமே, அப்ப என்ன?” என்றேன். யோசித்துச் சொன்னான்: இழை, அதாவது நோன்பில் திரியேற்றிக் கொடுக்கும் மாவு உருண்டை, எடுத்துக்கொள்ள இடது கையை நீட்டினான், மணிக்கட்டில் கட்டு, கேட்டதற்குக் குக்கர் சுட்டுவிட்டது என்றான், பேசும்போதே பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டான். அவ்வளவுதான் வாக்குமூலம். பிள்ளையார் நோன்பு என்று எழுதினால் அங்கே யாருக்கும் தெரியாது, காலண்டரைப் பார்த்து ஆங்கிலத் தேதியைப் போடுங்கள். கூடவே எழுதுகிறவரின் முழுப்பெயர், முகவரி, பிறந்த தேதி, பையனுக்கு என்ன உறவு என்பதும் வேண்டும். மகன் சொல்லிக் கேட்டதை, ‘இன்ன தேதியில் என்னிடம் சொன்னான்’ என்று தனியாக எழுதுங்கள். பார்த்ததாகக் கலந்து எழுதாதீர்கள்.

கடைசியில் ஒரு வரி: அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சட்டப்படி பொய்ச் சாட்சிக்கான தண்டனைக்கு உட்பட்டு, மேலே சொன்னது உண்மை என்று உறுதி கூறுகிறேன், தேதி, கையெழுத்து. இந்தியாவில் இருந்து எழுதும்போது ‘அமெரிக்கச் சட்டப்படி’ என்பது விடுபடக் கூடாது. அந்த வரி இருந்தால் முத்திரைத்தாளும் நோட்டரியும் இல்லாமலே அது செல்லும். எங்களிடம் ஒரு கடையில் ஒவ்வொரு பக்கத்துக்கும் நோட்டரி முத்திரை வேண்டும் என்று காசு பிடுங்கினார்கள். தெரியாமல் கொடுத்தோம்.

மொழிபெயர்ப்பிலும் இதே கதை. தமிழில் உள்ள ஒவ்வொரு காகிதத்துக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்த்தவர், எனக்கு இரண்டு மொழியும் தெரியும், இது முழுமையானது, சரியானது என்று எழுதிப் பெயர், முகவரி, தேதியுடன் கையெழுத்துப் போட வேண்டும். அரசு அங்கீகாரம் தேவையில்லை. நான் உற்சாகமாக ஆரம்பித்தேன். நீங்கள் சாட்சி சொல்கிறவர், ஆகவே வேறு ஒருவர் செய்யட்டும் என்று வக்கீலம்மா நிறுத்திவிட்டார். என்னுடன் வேலை பார்த்த டீச்சர் ஒருவர் முதலிலிருந்து செய்து கொடுத்தார்.

வாட்ஸ்அப்தான் பெரிய வேலை. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ், பாதியில் விட்ட வாக்கியம், குரல் பதிவு. ஒவ்வொன்றுக்கும் தேதி, மணி, யார் சொன்னது, அப்படியே தமிழ், எதிரே ஆங்கிலம். படத்தை வெட்டக் கூடாது, மேலே உள்ள பெயரும் எண்ணும் தெரிய வேண்டும். எங்களுக்குக் கை கூசிய இடம் வசவுகள். டீச்சரம்மா முதலில் கெட்ட வார்த்தைகளை எல்லாம் ‘தகாத சொல்’ என்று நாகரிகமாக மாற்றியிருந்தார். பார்சல் வரியை, ‘நீ ஊருக்குப் போக வேண்டியிருக்கும்’ என்று எழுதியிருந்தார். இரண்டும் வக்கீலம்மாவிடமிருந்து திரும்பி வந்தன. பார்சல் என்றால் பார்சல். அந்தச் சொல்லில்தான் மிரட்டலே இருக்கிறது. இரண்டு ஓய்வு பெற்ற டீச்சர்கள் பட்டாலையில் உட்கார்ந்து கெட்ட வார்த்தைக்கு அகராதி பார்த்த மத்தியானத்தை நான் மறக்க மாட்டேன்.

வக்கீல், போலீஸ்

மனுவை நாமே நிரப்பிப் போட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். மறுக்கப்பட்டால், விசா இல்லாதவருக்கு நாடு கடத்தும் வழக்கின் நோட்டீஸ் வரலாம். அமெரிக்காவில் வக்கீல் பட்டம் உள்ளவரோ, அரசு அங்கீகாரம் பெற்ற தொண்டு அமைப்புப் பிரதிநிதியோதான் இதில் ஆலோசனை சொல்ல முடியும். காரைக்குடியிலும் மதுரையிலும் விசா ஏஜெண்டு எடுத்துத் தருகிறேன் என்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். தேசியக் குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233. இரவும் பகலும் எடுப்பார்கள், ஆண்களிடமும் பேசுவார்கள், அருகில் உள்ள இலவசச் சட்ட உதவியைச் சொல்வார்கள்.

போலீசைக் கூப்பிடப் பையன்கள் தயங்குவதற்கு ஒரு நியாயம் உண்டு. வந்த போலீஸ் ஆணைப் பார்த்ததும் அவன்தான் அடித்திருப்பான் என்று நினைக்கலாம். ஆகவே எந்த நிலையிலும் திருப்பி அடிக்கக் கூடாது, கையைப் பிடித்து முறுக்கவும் கூடாது. முடிந்தால் வேறு அறைக்கோ வெளியிலோ போய் அவசர எண்ணான 911-ஐ அழைத்து, நான்தான் அடிபட்டவன் என்று முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். தப்பாகக் கைது ஆகிவிட்டால், “ஒத்துக்கிட்டா அபராதத்தோட விட்டுடுவாங்க” என்று யார் சொன்னாலும் குடியேற்ற வக்கீலைக் கேட்காமல் குற்றத்தை ஒப்புக்கொள்ளக் கூடாது. குடும்ப வன்முறைத் தண்டனை நாடு கடத்தலுக்கே காரணமாகும்.

மற்ற நாடுகள், சுருக்கமாக

பிரிட்டனில், மனைவி பிரிட்டிஷ் குடிமகளாகவோ நிரந்தரமாகத் தங்கும் உரிமை உள்ளவராகவோ இருந்து, கணவன் துணை விசாவில் இருந்தால், குடும்ப வன்முறைக்கு ஆளானவர் என்று நிரந்தரமாகத் தங்கும் அனுமதியையே கேட்கலாம். கையில் காசில்லாதவருக்கு அதற்கு முன் 3 மாதச் சலுகை அனுமதி உண்டு, அதில் அரசு உதவித்தொகையும் கேட்கலாம். 2024 ஏப்ரல் 4 முதல் மாணவர், வேலை விசாக்காரர்களின் துணைகளுக்கும் அந்த 3 மாதம் உண்டு. ஆனால் அவர்களுக்கு அதன் பிறகு நிரந்தர அனுமதி வழி இல்லை. கையில் உள்ள விசாவுக்குப் பதிலாகத்தான் இந்த 3 மாதம் கிடைக்கும், ஆகவே கேட்காமல் குதிக்காதீர்கள். அங்கே ஆண்களுக்கென்றே உள்ள உதவி எண் 0808 801 0327.

கனடாவில், பி.ஆர். எனப்படும் நிரந்தர வசிப்புரிமை கிடைப்பது கொடுமை செய்யும் துணையை நம்பி இருந்தால், 2019 முதல் கட்டணமில்லாத தற்காலிகத் தங்கும் அனுமதி உண்டு. குறைந்தது 6 மாதம், வேலை அனுமதியும் சேர்த்துக் கேட்கலாம். ஏற்கெனவே பி.ஆர். வாங்கியவர்கள், இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தால்தான் அது நிலைக்கும் என்று சொன்னால் நம்ப வேண்டாம். அந்த நிபந்தனை 2017-லேயே போய்விட்டது. ஆஸ்திரேலியாவில் துணை விசா மனு நடக்கும்போது வன்முறையால் உறவு முறிந்தால், அதைக் காட்டி நிரந்தர விசாவைத் தொடரலாம்.

சிங்கப்பூரும் மலேசியாவும் நமக்குப் பக்கத்து வீடு மாதிரி. சிங்கப்பூரில் மகளிர் சாசனம் என்ற பெயரில் உள்ள சட்டத்திலேயே கணவனும் பாதுகாப்பு ஆணை வாங்கலாம். மலேசியாவின் 1994-ஆம் வருடச் சட்டமும் கணவனைச் சேர்த்தே பேசுகிறது. இவை அடியைத் தடுக்கும் ஆணைகள், விசாவைக் காப்பாற்றித் தருபவை இல்லை.

போன்

குடும்பத் திட்டத்தில் உள்ள போன் என்றால் யாரை அழைத்தான் என்பது பில்லில் தெரியும். வாட்ஸ்அப் வேறு கணினியில் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதியில் பார்க்கச் சொல்லுங்கள். விசா பற்றித் தேடுவது எல்லாம் நூலகக் கணினியில். வீட்டிலிருந்து நீங்கள் ‘வக்கீல்’, ‘மனு’ என்று எந்தச் செய்தியும் அனுப்பக் கூடாது. தம்பி ஒரு நாள், “வக்கீல் பணம் அனுப்பியாச்சு” என்று அனுப்பிவிட்டு நாங்கள் பட்ட பாடு தனிக் கதை.

எங்களுக்குள் இரண்டு வாக்கியம் வைத்துக்கொண்டோம். “கவுனி அரிசி கிடைக்கிறதா அத்தை?” என்றால் அவள் பக்கத்தில் இருக்கிறாள், ஊர்ப் பேச்சு மட்டும் பேசு என்று அர்த்தம். “கும்மாயம் செய்யணும்” என்றால் உடனே போலீசுக்குச் சொல்லு. இங்கிருந்து 911 அடித்தால் அங்கே போகாது என்பது அப்போதுதான் உறைத்தது. அவன் இருக்கும் ஊரின் போலீஸ் நிலைய நேரடிப் பத்து இலக்க எண்ணை +1 சேர்த்து எழுதி, அவன் வீட்டு முகவரியையும் மாடி எண்ணையும் அதற்குக் கீழே பெரிய எழுத்தில் எழுதி, போனுக்கு மேல் சுவரில் ஒட்டினேன். கும்மாயம் ஒரு முறைதான் வந்தது. எண் சுவரில் இருந்ததால் கண்ணாடியைத் தேடாமல் அடிக்க முடிந்தது.

நியூஜெர்சிக்கும் நமக்கும் கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி வித்தியாசம். நமக்கு விடியும்போது அவர்களுக்கு முந்தின நாள் ராத்திரி. ஆகவே ஒவ்வொரு அழைப்பு முடிந்ததும் நோட்டில் எழுதும்போது நம் தேதி, அங்கத்தியத் தேதி இரண்டையும் போடுங்கள்.